படத்தில் இல்லாத கை

ஆறு படங்களில் ஐந்திலும் வலது கை இருந்தது. அதில் அகோரமூர்த்திக்குச் சந்தேகமில்லை. ஒரு படத்தில் அது வேப்பமரத்தில் ஊன்றியிருந்தது, ஒன்றில் அக்காள் குழந்தையைத் தூக்கியிருந்தது, ஒன்றில் சுவாமிமலைப் படிக்கட்டில் அர்ச்சனைத் தட்டைப் பிடித்திருந்தது. இடது கைதான் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மரத்துக்குப் பின்னால் போயிருந்தது. குழந்தையின் கவுனுக்கு அடியில் போயிருந்தது. மடித்துப் போட்ட அங்கவஸ்திரத்துக்குள் போயிருந்தது. நான்காவதில் கால்சட்டைப் பைக்குள். ஐந்தாவதில் படத்தின் விளிம்பே அதை வெட்டித் தள்ளியிருந்தது. ஆறாவது பாஸ்போர்ட் அளவு, அதில் எல்லா மனிதர்களும் தோளோடு முடிந்துவிடுகிறார்கள், அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆக, ஐந்துக்கு ஐந்து. ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஒன்பதே கால். பத்து மணிக்குக் கும்பகோணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அவர் மகள் சௌந்தராவைப் பெண் பார்க்க மயிலாடுதுறைக்கு வந்துவிடுவார்கள், படங்களை அனுப்பிய பையன் பெயர் குமரகுரு, தஞ்சாவூரில் நிலத்தடி நீர் அளக்கும் வேலை, வயது முப்பத்தைந்து, எல்லாம் சரி, இடது கை எங்கே? கெய்சர் வில்ஹெல்முக்கும் இப்படித்தான். பிரசவத்தில் நரம்பு இழுபட்டு, இடது கை வலது கையைவிட முக்கால் சாண் குட்டையாகப் போய்விட்டது. ஜெர்மனி முழுவதும் மாட்டியிருந்த அவர் படங்களில் அந்தக் கை வாள்பிடியின் மேல் கிடக்கும், இல்லையென்றால் ஒரு ஜோடி கையுறையைப் பிடித்துக்கொண்டிருக்கும், இல்லையென்றால் உடம்பே ஒருக்களித்து நிற்கும். ஒரு சாம்ராஜ்யமே கூடிநின்று அந்தக் கையை மறைத்தது: தையற்காரன், ஓவியன், புகைப்படக்காரன், குதிரை. முப்பத்துநான்கு வருஷம் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்திய அகோரமூர்த்தி, வருஷத்துக்கு ஒருமுறை ஜன்னல்களைச் சாத்தி, ஸ்லைடு போட்டுக் காட்டி, பிரம்பால் அந்த இடத்தைத் தட்டிச் சொல்லுவார்: "படத்துல இருக்கறதை ஓவியன் காட்டிடுவான். இல்லாததை நீங்கதான் பார்க்கணும்." பையன்கள் இருட்டில் கொட்டாவி விடுவார்கள். ஒரு கொட்டாவிகூடப் படத்தில் விழாது.

கேட்டுவிடலாம். கேட்பதற்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்திருக்கிறார். போன புதன்கிழமை சௌந்தரா சிதம்பரத்தில் கூட்டுறவு வங்கி வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கியவள், கைப்பையைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் வந்து உட்கார்ந்து, "அப்பா, இந்தத் தடவை ஒரு கேள்வி கேக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணு கேட்டாலும் இதோட சரி. எனக்கு மாப்பிள்ளை பார்க்க வேணாம். சிதம்பரத்துலயே ஒரு ரூம் எடுத்துக்கிட்டுப் போயிடுவேன், தீபாவளி பொங்கலுக்குக்கூட வர மாட்டேன்" என்று சொல்லி உள்ளங்கையை நீட்டினாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். ரயில் நேரம் சொல்லுகிறவள் மாதிரி சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. அடித்துக் கொடுத்துவிட்டார். முப்பத்திரண்டு வயது. முதல் வரன் பட்டுக்கோட்டை. அந்தப் பையனுடைய படத்தில் நெற்றியில் விழுந்த நிழலுக்கும் முடிக்கும் பொருத்தமில்லை என்று கண்டுபிடித்து, பதினாலாம் லூயிக்கும் இருபது வயதிலேயே கொட்டத் தொடங்கியது என்று வீட்டில் ஒரு மணி நேரம் விளக்கி, பையனின் பள்ளிக்கூட குரூப் போட்டோ வரைக்கும் தேடிப் பிடித்து விக் என்று நிரூபித்தார். நிரூபித்தது நிஜம்தான். நிரூபித்த பிறகு, "விக் வச்சா என்னப்பா, நான் என்ன முடியையா கட்டிக்கப் போறேன்" என்று அவள் கேட்டதும் நிஜம். இரண்டாவது திருவாரூர். அதை நினைக்கும்போதெல்லாம் ஒரு மீன்முள் தொண்டையில் குறுக்கே நின்றது. அந்தப் பையனின் படத்தில் பின்சுவரில் ஒரு காலண்டர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வருஷம் இரண்டாயிரத்துப் பதினொன்று. ஆக, படம் பத்து வருஷம் பழசு, ஆக, பையனுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும், ஆக, மோசடி. தொலைபேசியில் அந்த அம்மாளிடம் ஆக ஆகவென்று அடுக்கினார். அந்த அம்மாள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அது முத்துக்குமாரசாமி படம் போட்ட காலண்டர். வருஷம் முடிஞ்சிடுச்சுன்னு சாமியக் கழட்டிக் குப்பையிலயா போடறது?" என்றாள். படம் போன மாதம் எடுத்தது. அவர் வீட்டுப் பூஜையறையிலேயே தொண்ணூற்றெட்டாம் வருஷத்துப் பழனியாண்டவர் ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தார், தினமும் அவருக்குத்தான் கற்பூரம். ஐரோப்பாவில் எந்த அரசன் சுவரிலும் இப்படி ஒரு காலண்டர் தொங்கியிருக்க முடியாது; அதனால்தான் பிசகிவிட்டது. அந்தப் பையனைச் சௌந்தராவுக்குப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் ரேடியோ போடாமல் குளித்தாள், அதிலிருந்து தெரிந்தது.

ஆனால் ஒருமுறை பிசகியதால் எப்போதும் பிசகும் என்று ஆகிவிடுமா? எட்டாம் ஹென்றி கேள்வி கேட்காமல் இருந்ததால்தானே கெட்டார். நான்காவது மனைவிக்காக ஜெர்மானிய தேசத்துக்கு ஓவியனை அனுப்பினார், ஓவியன் நேர்முகமாக ஒரு படம் எழுதிக்கொண்டு வந்தான், நகைகள், சரிகை, வெல்வெட்டு எல்லாம் அச்சு அசலாக. ராஜா மயங்கினார், பெண் கப்பலேறி வந்தாள், நேரில் பார்த்ததும் ராஜாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அந்தப் பெண்ணுக்கு ராஜாவைப் பார்த்ததும் எப்படி இருந்தது என்று எவனும் எழுதிவைக்கவில்லை. ஐம்பதை நெருங்கும் வயது, கால்புண், நாற்றம். ராஜா படத்தை அந்தப் பெண்ணுக்கு யார் காட்டினார்கள், அதில் கால்புண் இருந்ததா? இல்லாததைப் பார். முதலாம் சார்லஸ் புத்திசாலி, ஒரே துணியில் மூன்று முகம் எழுதச் சொன்னார், நேர், பக்கவாட்டு, முக்கால், ரோமாபுரிச் சிற்பிக்கு அனுப்ப. மூன்றும் ஒன்றையொன்று பார்க்காமல் ஆளுக்கொரு திக்கில் பார்த்துக்கொண்டிருக்கும். அத்தனை கோணம் காட்டியும் பிற்பாடு கழுத்து வெட்டுப்படப்போகிறது என்பதை ஒரு கோணத்திலும் காட்ட முடியவில்லை. நெப்போலியன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தது கோவேறு கழுதையில்; படத்தில் வெள்ளைக் குதிரை பின்னங்காலில் நிற்கிறது. எல்லாப் படமும் யாரோ யாருக்கோ அனுப்பும் பொய். எல்லாமுமா? எல்லாமும்தான். அகோரமூர்த்தி நிமிர்ந்தார். எதிர்ச்சுவரில் அவருடைய கல்யாணப் படம் இருந்தது. எண்பத்தேழாம் வருஷம், விஜயா ஸ்டூடியோ. மங்கையர்க்கரசி பக்கத்தில் அவர், அவளைவிட இரண்டு விரற்கடை உயரமாக, கோட்டும் டையும் போட்டு, கீழே முழங்காலோடு படம் முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்த வேகத்திலேயே பார்வையை எடுத்து மின்விசிறி மேல் வைத்தார். மின்விசிறி தூசியாக இருந்தது. துடைக்கச் சொல்லியிருக்கலாம். மூன்றாம் விக்டர் இம்மானுவேல், இத்தாலி ராஜா, ஐந்தடி இருந்தாலே பெரிது, ராணி ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல், இடுப்பு வாளைக்கூட அவருக்காகக் குட்டையாக அடித்தார்களாம், ராணியோடு படமெடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார், அல்லது படிக்கட்டு இருக்கும். படிக்கட்டு இல்லாத இடத்தில்? படிக்கட்டு இல்லாத இடத்தில் ஸ்டூடியோக்காரன் வெளியே ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கி வந்தான். மரப்பெட்டி. கோலி சோடா அடுக்குகிற பெட்டி. காலிப் பாட்டில்களை எடுக்காமலே மேலே ஒரு பலகையைப் போட்டு அவரை ஏற்றிவிட்டான். "மூச்ச அடக்குங்க சார், ஆடாதீங்க, கிலுகிலுங்குது." பக்கத்தில் பட்டுப் புடவைக்குள் மங்கையர்க்கரசியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரும்பினால் விழுந்துவிடுவார்.

முழுப்படம்தான் பிரிண்டு போட்டுக் கொடுத்தான் படுபாவி. பெட்டியோடு. அகோரமூர்த்தி சவரப் பிளேடால் முழங்காலுக்குக் கீழே நறுக்கி, மிச்சத்துக்குச் சட்டம் போட்டார். கேட்டவர்களுக்கெல்லாம், அடியில் கரையான் அரித்துவிட்டது என்று ஒரே பதில். சௌந்தராவும் அதையே கேட்டு வளர்ந்தவள். மங்கையர்க்கரசி ஒருநாளும் மறுத்ததில்லை. கரையான் என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஏதாவது வேலையாக உள்ளே போய்விடுவாள். முப்பத்தேழு வருஷமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறாள். அதுவே அவருக்கு ஒரு சந்தேகம்: சொல்லாமல் இருக்கிறாளா, சொல்லவேண்டிய நாளுக்காக வைத்திருக்கிறாளா? நறுக்கிய கீழ்த்துண்டை அவர் எரித்திருக்கலாம். வரலாற்றுக்காரன் ஆவணத்தை எரிப்பானா? அது வகுப்புக்காக அவர் படங்கள் சேர்த்து வைத்த ராஜாக்கள் ஆல்பத்தில், பதினாலாம் லூயிக்குப் பின்னால் செருகியிருந்தது. அந்தப் படத்தில் லூயி, அறுபத்துமூன்று வயதுக் கிழவர், மேலங்கியை விலக்கித் தொடை வரைக்கும் கால் காட்டி நிற்கிறார், சிவப்புக் குதிகால் வைத்த செருப்பு. கல்லூரியில் பையன்கள் அகோரமூர்த்திக்கு வைத்த பெயரும் லூயி சார். வெகுகாலம் அதைப் பாண்டித்தியத்துக்குக் கிடைத்த பட்டம் என்றே நினைத்திருந்தார். ஓய்வுபெற்ற அன்று, பிரிவுபசார மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியபோது முன்வரிசையில் ஒருத்தன் இன்னொருத்தனின் விலாவில் இடித்தான். குனிந்து பார்த்தார். மைக் எட்டவில்லை. ஒன்றரை அங்குலக் குதிகால் வைத்து அவர் சொல்லித் தைத்த செருப்பு மேடைக்குக் கீழே, யாரோ நின்றுகொண்டிருப்பதுபோல, நின்றது.

மணி ஒன்பதரை. எண்ணெய் வாசனை வந்தது. எழுந்து அடுக்களைக்குப் போனார். மங்கையர்க்கரசி வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். "என்ன வேணும்?" என்றாள் திரும்பாமலே. "தண்ணி." "தண்ணி கூடத்துலதான் இருக்கு. வேவு பார்க்கத்தானே வந்தீங்க?" மேடைமேல் ஒரு தட்டில் ஆறு பீங்கான் கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்தன, புதுசு, விலைச்சீட்டின் பசை இன்னும் ஒன்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. "என்ன இது, கோப்பை?" "சௌந்தரா வாங்கிட்டு வந்தா. இதுலதான் காபி குடுக்கணும்னு சொல்லிட்டா." "நம்ம வீட்டுல என்னைக்குக் கோப்பையில குடுத்தோம்? டபரா டம்ளர் என்ன ஆச்சு?" "அவகிட்டப் போய்க் கேளுங்க." கேட்க முடியாது, கேட்க மாட்டேன் என்று சத்தியம். கோப்பையை எடுத்துப் பார்த்தார். காது வைத்த கோப்பை. ஒரு விரலை நுழைத்துத் தூக்கினால் வந்துவிடும். ஒரு கை போதும். டபரா டம்ளருக்கோ இரண்டு கை வேண்டும்: இதில் ஒன்று, அதில் ஒன்று, தூக்கி ஆற்ற வேண்டும், இந்த மாவட்டத்தில் பிறந்த எவனும் ஆற்றாமல் காபி குடித்ததில்லை. அகோரமூர்த்திக்கு மூச்சு ஒரு கணம் நின்றது, ஸ்டூடியோவில் நின்ற மாதிரியே. அப்படியானால் அவளுக்குத் தெரியும். சௌந்தராவுக்குத் தெரியும். படத்தை அனுப்பியவன் மட்டும் குற்றவாளி இல்லை, வாங்கியவளும் கூட்டு. மூன்று வாரமாக மொட்டைமாடியில் போனில் பேசிக்கொண்டிருக்கிறாளே, அவனோடுதான். தூதுவனும் ஓவியனும் பெண்ணும் ஒரு பக்கம், மூடன் ஹென்றி மட்டும் தனியாக மறுபக்கம். அல்லது அவளுக்குத் தெரியாதோ, கோப்பை சும்மா ஒரு ஆசைக்கு வாங்கியதோ, காலண்டர் மாதிரி? முள் புரண்டது. காலண்டரா, கையா? "என்ன கோப்பையைப் பார்த்துப் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் மங்கையர்க்கரசி. "ஒண்ணுமில்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணுல ஜார்ஜ் மன்னர் படம் போட்டு ஒரு ரூபாய் அடிச்சான். அங்கியில ஒரு யானை. தும்பிக்கை சின்னதாப் போச்சு. ஜனங்க பார்த்துட்டுப் பன்னின்னுட்டாங்க. அத்தனை காசையும் நிறுத்திட்டான்." "அதுக்கு?" "சின்னதாப் போனா தப்பு எவ்வளவு பெரிசாத் தெரியுது பாரு." மங்கையர்க்கரசி ஜல்லிக்கரண்டியோடு திரும்பினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள், இறங்குவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது போல அவருக்குத் தோன்றியது. "சின்னதாப் போனா தப்பா?" என்றாள். பிறகு எண்ணெயில் அடுத்த பஜ்ஜியை விட்டாள்.

ஆனால் கேள்வி கேட்பதுதான் கூடாது. டபரா ஒரு கேள்வியா? இல்லை. டபரா ஒரு பாத்திரம். அதற்கு வாய் இருக்கிறது, ஆனால் பேசாது. மங்கையர்க்கரசி கொல்லைப்பக்கம் கறிவேப்பிலை ஒடிக்கப் போன நேரத்தில் அவர் மேலலமாரியிலிருந்து ஆறு ஜோடி டபரா டம்ளரை இறக்கினார். எட்டவில்லை, முக்காலியைப் போட்டு ஏறினார். கோப்பைகளை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார். டபராக்கள் பித்தளை, அவர் கல்யாணத்துக்கு வந்தது, விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். கூடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது, திருடனுக்கு அடிப்பது மாதிரி, அல்லது நீதிபதிக்கு அடிப்பது மாதிரி, நீதிபதிக்கு அடிக்காது. மாடியில் சௌந்தரா நடக்கும் சத்தம் கேட்டது, புடவைக் கொசுவத்தை உதறும் சத்தம், பிறகு ரேடியோ. ரேடியோ போட்டிருக்கிறாள். இந்த ரேடியோவைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! போய்க் கோப்பைகளைத் திரும்ப எடுத்து வைத்துவிடலாமா? எழுந்தார். உட்கார்ந்தார். தெரியாமல் எப்படிக் கொடுப்பது? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தரங்கம்பாடி. தஞ்சாவூர் நாயக்கர் முகம் தெரியாத டென்மார்க் ராஜாவுக்குத் தங்க ஓலையில் கடிதம் எழுதி இடம் கொடுத்தார். ஒரு படம் பார்த்தாரா, விசாரித்தாரா, ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை, கோட்டை கட்டினார்கள், இருநூற்றுச் சொச்சம் வருஷம் இருந்தார்கள், விற்றுவிட்டுப் போனார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பது ஒரு வாதமா? கையைப் பற்றி அவருக்கு என்ன? குட்டையாக இருந்தால் என்ன? இல்லை, கை இல்லை விஷயம், மறைத்ததுதான் விஷயம். மறைக்கிறவன் எதையும் மறைப்பான். இந்த வாக்கியம் மனதுக்குள் கம்பீரமாக வந்து நின்றது, வந்த வேகத்தில் காலுக்கடியில் பாட்டில்கள் கிலுங்கின. மின்விசிறியைப் பார்த்தார். தூசி. வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம்.

மூன்று பேர் வந்தார்கள். பையனின் அம்மா, வெள்ளைச் சிரிப்புக்காரி, தாய்மாமன், பெயர் கோவிந்தசாமி, வரும்போதே பேசிக்கொண்டு வந்தவர், கடைசியில் குமரகுரு. வலது கையைத் தூக்கி நெஞ்சுக்கு நேரே வைத்து வணங்கினான். ஒரு கை வணக்கம்! தோளில் ஒரு துணிப்பை, அதன் வார் இடது தோளில், பை இடது கையின் மேல். வாள்பிடி, கையுறை, துணிப்பை. "உக்காருங்க, உக்காருங்க. வழியில சிரமம் ஒண்ணும் இல்லையே?" என்றார் அகோரமூர்த்தி; அது கேள்வியாகிவிட்டதே என்று துணுக்குற்றார். மாமனுக்கு அதுவே போதுமாக இருந்தது. "என்ன சிரமம் சார், குத்தாலத்துல ரயில்வே கேட்டு, அரை மணி நிறுத்திட்டான். அங்க ஒருத்தன் கொய்யாப்பழம் வித்தான் பாருங்க..." கொய்யாப்பழம் ஐந்து நிமிஷம் நடந்தது. அகோரமூர்த்தி கேட்கவில்லை. பையன் நீளச் சோபாவில் வலது ஓரமாக உட்கார்ந்து, இடப்பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக விட்டிருந்தான், அந்தக் காலியிடத்தில் பை, பையின் கீழ் கை. ஸ்லைடு தெளிவாக விழவில்லை. பையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணப் படத்தை. ஏன் அதையே பார்க்கிறான்? மேலே பார்க்கிறான், கீழே பார்க்கிறான், கீழேயே நிறுத்திவிட்டான். "அது ஸ்டூடியோவுல எடுத்தது" என்றார் அகோரமூர்த்தி, யாரும் கேட்காமலே. "நல்லா இருக்கு சார்" என்றான். ஏன் நல்லா இருக்கு என்றான்? என்ன நல்லா இருக்கு?

மங்கையர்க்கரசி காபித் தட்டோடு வந்தாள். தட்டில் ஆறு ஜோடி பித்தளை. ஆவி பறந்தது. கோப்பைகளைக் காணாமல் அவள் தேடியிருக்க வேண்டும், நேரமில்லாமல் விட்டிருக்க வேண்டும். கணவன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வையில் எல்லாவற்றுக்கும் பிற்பாடு பதில் சொல்ல வேண்டியிருக்கும். மாமன் எடுத்தார், அம்மா எடுத்தாள், குமரகுரு முன்னால் முக்காலியில் வைத்தாள். அகோரமூர்த்தி சொன்னார், குரல் தன்னுடையதாக இல்லை: "ரொம்பச் சூடு. ஆத்திக் குடிங்க தம்பி." முடிந்தது. பிரம்பால் தட்டியாயிற்று. பையன் டபராவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி டபராவைப் பார்த்தான். மாமனின் பேச்சு நின்றது. அம்மாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. குமரகுரு வலது கையால் டம்ளரை வெளியே எடுத்தான். டபரா முக்காலியிலேயே இருந்தது. டம்ளரை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கினான். காபி கயிறு மாதிரி இறங்கி, டபராவில் நுரையெழும்பி நின்றது, ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு டபராவை எடுத்து விளிம்பில் ஊதிக் குடித்தான். அவ்வளவுதான். ஒரே கை. முப்பத்துநான்கு வருஷம் ஐரோப்பாவை நடத்தியவனுக்கு, டபராவை முக்காலியில் வைக்கலாம் என்பது தோன்றவில்லை. "எங்க வீட்டுலயும் டபராதான் சார்" என்றான் குமரகுரு. பிறகு துணிப்பையைத் தூக்கித் தரையில் வைத்தான். சட்டைக் கைக்குள் மெலிந்த முன்கை, உள்பக்கம் மடங்கிய விரல்கள், ஒரு சிறுவனின் கை வளர்ந்தவனின் மடிமேல் கிடப்பது மாதிரி. "தரகர் பக்கிரிசாமிகிட்ட மொதல்லயே சொல்லியிருந்தோமுங்க" என்றாள் அம்மா, முகம் சிவந்து. "சொல்லிட்டேன், அவங்களுக்குச் சம்மதம்னு சொன்னாரே." "அந்தாளு எதைத்தான் சொன்னான்" என்றார் மாமன். "படத்துல..." என்று ஆரம்பித்து அகோரமூர்த்தி நிறுத்திக்கொண்டார். குமரகுரு சிரித்தான். "நானா மறைக்கல சார். சின்ன வயசுலேருந்து போட்டோ எடுக்கறவன் எவனா இருந்தாலும் சொல்லுவான், தம்பி கொஞ்சம் அப்படித் திரும்பிக்க, தம்பி இந்தத் துண்டைப் போட்டுக்க. அவன் பாவம், நல்லதுக்குத்தான் சொல்றான். இப்ப கேமராவைப் பார்த்தாலே உடம்பு தானாத் திரும்பிடுது."

மாடிப்படியில் கொலுசுச் சத்தம். சௌந்தரா கடைசிப் படியில் நின்றாள். அவள் முதலில் பார்த்தது குமரகுருவை இல்லை. முக்காலியை. பித்தளை டபராவை. பிறகு அப்பாவை. அந்த முகம் மூடிக்கொண்டது, அவர் கண் எதிரிலேயே, ஜன்னல் சாத்துகிற மாதிரி ஒவ்வொரு கதவாக. "டபராவை யாருப்பா எடுத்தா?" என்றாள். ரயில் நேரம் சொல்லுகிற அதே குரல். கேள்வி கேட்கவில்லையே என்று சொல்ல நாக்கு எழுந்தது. எழுந்த நாக்கை அவரே வெட்கத்தோடு பார்த்தார். சிதம்பரத்தில் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு காது வைத்த கோப்பை, அவர் வராத தீபாவளி, இல்லை, அவள் வராத தீபாவளி. மாமன் டம்ளரைக் கீழே வைத்தார். அப்போது குமரகுரு, சுவரைப் பார்த்தபடி, சாதாரணமாக, கொய்யாப்பழத்தைப் பற்றிக் கேட்கிறவன் மாதிரி, "சார், நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றான். "அந்தப் படத்துல கால் ஏன் இல்லை?" கரையான். கரையான் என்று சொல்ல வேண்டியதுதான், முப்பத்தேழு வருஷமாகத் தயாராக இருக்கிற சொல். அடுக்களை வாசலில் மங்கையர்க்கரசி நின்றாள், உள்ளே போகவில்லை. "கேமராக்காரனைப் பத்தி எனக்குத் தெரியும் சார்" என்றான் பையன், குரலைத் தாழ்த்தி, ஒரே ஜெயிலில் இருந்தவனிடம் பேசுவது மாதிரி. "பலகையா, செங்கல்லா?" இவனுக்கு எப்படித் தெரியும்? இவள் சொன்னாளா? மங்கையர்க்கரசியைப் பார்த்தார். அவள் கண்ணில் அந்தத் துரோகம் இல்லை, அதைவிடப் பழைய ஏதோ இருந்தது, குலுங்கப்போகிற தோள் இருந்தது. யாரும் சொல்லவில்லை. இவன் பார்த்துவிட்டான். இல்லாததைப் பார்த்துவிட்டான். அவருடைய அத்தனை மாணவர்களிலும் பாடம் ஏறியவன் இவன் ஒருத்தன்தான், இவனோ அவர் வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை. "பெட்டி" என்றார் அகோரமூர்த்தி. "சோடாப் பெட்டி."

"பாட்டிலோட" என்றாள் மங்கையர்க்கரசி. "படம் எடுத்து முடிக்கிறவரைக்கும் கிலுங்கிக்கிட்டே இருந்துச்சு." முப்பத்தேழு வருஷம் அடக்கிய சிரிப்பு அவளுக்கு வந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், வைத்தும் நிற்கவில்லை. அகோரமூர்த்தி எழுந்தார். செருப்பில்லாத காலோடு எல்லார் முன்னாலும் நடந்து உள்ளே போய், ராஜாக்கள் ஆல்பத்தை எடுத்து, பதினாலாம் லூயியின் பின்னாலிருந்து அந்தத் துண்டை உருவினார். யாரும் ஆதாரம் கேட்கவில்லை. இருந்தாலும் ஆதாரமில்லாமல் ஒரு தகவலை விட்டுவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. பழுப்பேறிய, நாலு விரல் அகலத் துண்டு: தரைமேல் மெட்டி போட்ட இரண்டு கால், மரப்பெட்டிமேல் பாலிஷ் போட்ட இரண்டு ஷூ, பெட்டியின் இடுக்குகளில் சோடாப் பாட்டில்களின் கழுத்துகள். சௌந்தராவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. பிறகு வாங்கினாள். சுவரருகே போய்ச் சட்டத்தின் கீழே அதை வைத்துப் பார்த்தாள், ஒரு இழை நகர்த்தி, இன்னும் ஒரு இழை நகர்த்தி, கால்சட்டையின் மடிப்பு மடிப்போடு சேரும்வரை. வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது, முகத்தை அவள் காட்டவில்லை. "இத்தனை நாள் கரையானைத் திட்டிக்கிட்டிருந்தேனேப்பா" என்றாள். அது மன்னிப்பா, முதல் குற்றச்சாட்டா? இந்த வீட்டில் இன்னும் எத்தனை பேர் எத்தனை வைத்திருக்கிறார்கள்? மங்கையர்க்கரசி அவளுக்கென்று எதிரில் ஒரு நாற்காலி போட்டிருந்தாள், பெண் பார்க்க வருகிற இடத்தில் பெண் உட்காரும் நாற்காலி, நேர்முகமாக, ஜன்னல் வெளிச்சம் விழும்படி. சௌந்தரா அதைத் தாண்டிப் போனாள். தரையிலிருந்த துணிப்பையைக் காலால் நகர்த்திவிட்டு, சோபாவில் குமரகுருவின் இடப்பக்கத்துக் காலியிடத்தில் உட்கார்ந்தாள்.